கைமாறும் காரும் கைமாறாத பொறுப்பும்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சான்று வந்த வரலாறு

1967ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஓராண்டுக் காலப் பணிக்காக இளம் அமெரிக்கப் பொருளியலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்து அதிக காலம் ஆகுமுன் அவருக்கு ஒரு கடிதம் கிடைத்தது. புறப்படுமுன் அவர் அனுப்பிவைத்திருந்த கட்டுரையை வெளியிட இயலாதென அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழ் திருப்பியிருந்தது. இத்தகைய அற்பப் பொருள்களுக்கு இதழில் இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்னும் இரண்டு இதழ்கள் மறுத்தன. 1970 ஆகஸ்டில் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் அதை ஏற்று அச்சிட்டது. அந்த ஆசிரியர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அற்பமெனத் தள்ளப்பட்ட பொருள், பழைய கார் விற்பனை. 2001இல் அவருக்கு ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தபோது முதன்மையாகப் பேசப்பட்டது இந்தக் கட்டுரையே.

ஷோரூமை விட்டு வெளியே வந்த மறுநாளே புதுக் காரின் விலை ஏன் இவ்வளவு சரிகிறது என்ற எளிய கேள்வியில் அது தொடங்குகிறது. விற்பவருக்குத் தம் காரின் குற்றம் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாக் கார்களுக்கும் ஒரே சராசரி விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் துணியார். ஆகவே நல்லவை சந்தையிலிருந்து விலகும், சராசரி மேலும் தாழும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஓயாது பழுதாகும் காருக்கு எலுமிச்சை என்று பெயர். எலுமிச்சைகள் நல்ல கார்களை விரட்டிவிடும் என்பதே முடிவு. இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகளாக உத்தரவாதம், வணிகப் பெயர், உரிமம் ஆகியவற்றை அக்கர்லாஃப் சுட்டினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய சான்றளிக்கப்பட்ட பழைய கார் என்ற சரக்கின் கருவை அவ்வரிகளிலேயே காணலாம்.

கட்டுரையின் பிற்பகுதியில் இந்தியக் கந்துவட்டியும் மேனேஜிங் ஏஜென்சிகளும் இடம்பெறுகின்றன. ஆனால், அவருக்கு மறுப்புக் கடிதம் வந்து சேர்ந்த தில்லியின் கார்ச் சந்தை அவருடைய தொடக்கக் கேள்வியையே தலைகீழாக்கக்கூடியது என்பதைப் பொருளியல் வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. அந்நாளில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றே கார்கள்; உற்பத்திக்கு உரிமம்; விற்பனைக்கு 1959ஆம் ஆண்டின் மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை. ஃபியட்டுக்குப் பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். ஆதலால் ஷோரூமை விட்டு வெளியே வந்த காருக்கு விலை ஏறியது. நேற்றுப் பதிவான காரை இன்று விற்றால் அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் பிரீமியம் கிடைத்தது. வாங்குபவர் காருக்கும் விலை தந்தார், காத்திருக்காமல் இருப்பதற்கும் விலை தந்தார். பற்றாக்குறை இப்படி ஆட்சி செய்த சந்தையில் தரச்சான்று கேட்கும் வலிமை யாருக்கு இருந்திருக்கும்? நம்பிக்கை தேவைப்பட்டபோது தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்றார்கள். அவர் பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார், புகையின் நிறத்தைப் பார்த்தார், கதவோரத்து வண்ணத்தை விரலால் தடவி டிங்கரிங் நடந்ததா என்று சொன்னார். அவர் தலையசைப்பே சான்று. அதற்கு ஒரு சிறு கட்டணமும் ஒரு தேநீரும் செலவு.

அக்காலத்து இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் யாரோ விட்டுச் சென்ற பொருள். சமஸ்தானங்களின் கொட்டகைகளில் கிடந்தவை ஒருபுறம்; தூதரக அதிகாரிகள் கொண்டுவந்தவை மறுபுறம். வரியின்றி உள்ளே வந்த தூதரகக் கார்களை அவர்கள் நாடு திரும்பும்போது நினைத்தவருக்கு விற்றுவிட முடியாது. 1956இல் தொடங்கப்பட்ட ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் அவற்றைப் பெற்று விற்றது. அதாவது, அயல்நாட்டுப் பழைய காரைச் சட்டப்படி விற்கும் பெருவணிகர் அன்று இந்திய அரசுதான். அரசு ஏலங்களுக்கே உரிய ‘இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்’ என்னும் வாசகத்தின் உலகம் அது. விற்பவர் அரசாக இருந்தபோதும் இயந்திரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதற்கு இடம் தந்தது. அதன் 16ஆம் பிரிவு, விற்ற பொருளின் தரத்துக்கு உட்கிடையான உத்தரவாதம் பொதுவாக இல்லை என்று தொடங்கிப் பின்னர் விலக்குகளைச் சொல்கிறது. அந்த விலக்குகளுக்கும் ஒரு விலக்கு உண்டு: வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் முறையிட இயலாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்ற வாடிக்கையாளரின் விவேகமே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடக்கூடிய விந்தை இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வழியில் தீர்வு தேடியது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதை 1972இல் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. 1975இல் வந்த மாக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம், பழைய கார் விற்பனைக்கு விதி வகுக்குமாறு ஃபெடரல் டிரேட் கமிஷனைப் பணித்தது. பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1981இல் கமிஷன் ஒரு விதியைக் கொண்டுவந்தது: தமக்குத் தெரிந்த பெரும் குறைகளை வணிகர் காரின் கண்ணாடியில் ஒட்டும் தாளில் எழுத வேண்டும். சோதனை செய்யுமாறுகூட அது கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்ததைச் சொல்க என்றது, அவ்வளவே. வணிகர் சங்கங்கள் வாஷிங்டனை முற்றுகையிட்டன. 1982 மே மாதத்தில் காங்கிரஸின் இரு அவைகளும் சட்டமன்ற வீட்டோ அதிகாரத்தால் அவ்விதியைப் பெரும்பான்மை வாக்குகளில் ரத்துசெய்தன.

இங்கே கதையில் எதிர்பாராத ஒருவர் நுழைகிறார். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சாதா, மாணவராக அமெரிக்கா வந்து, விசாக்காலம் முடிந்தும் திரும்பிச் செல்ல நாடின்றி நின்றவர். அவரை வெளியேற்றுவதைக் குடிவரவு அதிகாரிகள் நிறுத்திவைத்திருந்தனர். பிரதிநிதிகள் சபை தன் வீட்டோவால் அந்த முடிவை மாற்றியது. அவருடைய வழக்கில் 1983 ஜூன் மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் சட்டமன்ற வீட்டோ என்னும் முறையே அரசமைப்புக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அந்த அலையில் பழைய கார் விதியின் மீதான வீட்டோவும் வீழ்ந்தது. ஆயினும் கமிஷன் தானாகவே பின்வாங்கியது. தெரிந்த குறைகளைச் சொல்லும் கடமையை நீக்கி 1984இல் விதியைத் திருத்தி வெளியிட்டது. 1985 மே 9 முதல் அமெரிக்கப் பழைய கார்களின் கண்ணாடியில் ஒட்டப்பட்ட வழிகாட்டித் தாள், உத்தரவாதம் உண்டா, இல்லையேல் இருக்கிற நிலையிலா என்பதை மட்டுமே கட்டங்களில் குறித்தது. குறையைச் சொல்லும் பொறுப்பிலிருந்து வணிகரை அரசு விடுவித்த இந்த நிகழ்வு பிற்காலத் தனியார் சான்றுகளுக்கு வாயில் திறந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. சட்டம் கேட்காததை விற்பனைப் பொருளாக்கும் வாய்ப்பு அங்கே பிறந்தது.

வாய்ப்பைப் பயன்படுத்தத் தூண்டிய காரணம் குத்தகை. 1980களின் இறுதியில் விலையுயர்ந்த கார்களை இரண்டு, மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பது அமெரிக்காவில் பெருகியது. குத்தகை முடிந்து திரும்பிய கார்கள் உற்பத்தி நிறுவனங்களின் நிதிப் பிரிவுகளிடமே குவிந்தன. அவை மலிவாகப் போனால் அடுத்த குத்தகையின் கணக்கே உடையும். எனவே அவற்றைச் சோதித்து, செப்பனிட்டு, நிறுவனத்தின் பெயரால் உத்தரவாதம் சேர்த்து விற்கும் முறை உருவானது. லெக்ஸஸ் 1993இல் தொடங்கிய திட்டம் பிறருக்கு முன்மாதிரியாயிற்று. வாங்குபவரின் நலன் என்று விளம்பரங்கள் பேசின. மீள்விற்பனை விலையைக் காப்பதே உள்நோக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நீடித்த வெற்றிக்குக் காரணம்.

குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சான்றின் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. குடும்பக் காரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதே பெருங்கேள்வி. ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கிலோமீட்டர்கள் எவ்வாறு ஓட்டப்பட்டன என்பது கேள்வி. வார இறுதிகளில் மட்டும் வெளிவந்து, பந்தயத் தடத்தில் இருபது சுற்றுகள் சுற்றி, மீண்டும் உறைக்குள் போன காரின் மீட்டர் மிகக் குறைவான தூரத்தையே காட்டும். அது நல்ல கார் என்பதற்கு அந்த எண் ஆதாரமாகாது.

போர்ஷே நிறுவனத்தின் அங்கீகாரத் திட்டம் 111 சோதனைகளைப் பேசுகிறது. அவற்றுள் பல எந்தப் பட்டறையிலும் நடப்பவை: வண்ணப்பூச்சின் தடிமன், எண்ணெய்க் கசிவு, அதிர்வு தாங்கிகள், விளக்குகள். தனிச்சிறப்பானது எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவகத்தைப் படிப்பது. கியர் மாற்றுகையில் நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போக நினைத்துத் தவறி மூன்றாவதில் தள்ளினால், சக்கரங்களே எஞ்சினை அதன் வரம்பைத் தாண்டிச் சுழற்றிவிடும். எரிபொருளை வெட்டி வேகத்தைக் கட்டுப்படுத்தும் எந்த அமைப்பும் அதைத் தடுக்க இயலாது. அத்தகைய அத்துமீறல்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை முறை, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்று அந்தக் கணினி குறித்துவைக்கிறது. உச்ச அளவில், அண்மைக் காலத்தில் அத்துமீறல் பதிவாகியிருந்தால் சான்று மறுக்கப்படலாம். மெக்கானிக்கின் காது வகித்த இடத்துக்கு இயந்திரத்தின் சொந்த நினைவு வந்து அமர்ந்தது இவ்வாறுதான். உரிமையாளர் மறந்ததையும் மறைத்ததையும் கார் மறப்பதில்லை.

ஆனால் சோதனைக்கும் எல்லை உண்டு. 1997க்கும் 2008க்கும் இடையில் வந்த அதே நிறுவனத்தின் நீர்க்குளிர் எஞ்சின்கள் பலவற்றில் இடைத்தண்டைத் தாங்கும் ஒரு சிறு பேரிங் உடைந்தால் எஞ்சின் முழுவதும் அழியும். அது அமெரிக்காவில் கூட்டு வழக்காகிச் சமரசத்தில் முடிந்தது. ஓட்டிப் பார்த்தாலோ வெளிப்புறச் சோதனையாலோ அந்தப் பேரிங்கின் நிலையை உறுதியாகச் சொல்ல இயலாது. அங்கே சான்று எதையும் அறிவிப்பதில்லை; உடைந்தால் செலவு எங்களுடையது என்று வாக்கு மட்டும் தருகிறது. சான்றளிப்பில் உண்மையில் விலை பெறுவது அந்த வாக்கே.

செலவின் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதையும் காண வேண்டும். சோதிக்க ஆகும் கூலி சிறிது. சோதனையில் தேறவைக்க ஆகும் செலவு மிகப் பெரிது. டயர்கள் நிறுவனம் ஒப்புக்கொண்ட குறியீடு உடையவையாக இருக்க வேண்டும். போர்ஷேயில் அது டயரின் பக்கவாட்டில் ‘என்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணுமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள வேறு டயர் எத்தனை நன்றாக இருந்தாலும் அதைக் கழற்ற வேண்டியதுதான். பீங்கான் கலவை பிரேக் வட்டுகள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றும் செலவில் இந்தியச் சாலைகளில் ஓடும் ஒரு சிறு காரையே வாங்கிவிடலாம். வெளிச்சந்தை சைலன்சர், மாற்றிய மென்பொருள் ஆகியவற்றை நீக்கி மூலநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றுக்கு மேல் உத்தரவாதத்துக்கான தொகை. இவ்வளவும் விற்பனை விலையில் ஏறும். ஆகவே சான்று பெற்ற காருக்கும் பெறாத காருக்கும் உள்ள விலை வேறுபாட்டை வெறும் முத்திரையின் விலை என்று கேலி செய்வது பாதி உண்மை.

இத்தாலியில் ஃபெராரி இதற்கு வேறொரு திருப்பம் தந்தது. மாரனெல்லோவில் நிறுவிய கிளாசிகே பிரிவு, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவிலேயே உள்ளனவா என்று பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சான்று தருகிறது. அடிச்சட்ட எண், எஞ்சின் எண், கியர்ப்பெட்டி எண் பொருந்த வேண்டும். அங்கே கார் நன்றாக ஓடுமா என்ற கேள்வியைவிட இது அந்தக் கார்தானா என்ற கேள்வியே மேலோங்குகிறது. ஓலைச்சுவடியின் மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியரின் வேலைக்கு அது நெருக்கமானது.

இந்தியாவில் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் விலகியபோது பழைய கார்கள் வெள்ளமாய் வந்து குவியும் என்ற அச்சம் எழுந்தது. அதற்கு அணையாக விதிக்கப்பட்ட நிபந்தனைகள் தம்மளவில் ஒரு சான்றளிப்பு முறையே. கார் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருத்தலாகாது. வலப்புறம் ஸ்டீயரிங் இருக்க வேண்டும். இனி ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடத் தக்கது என்பதற்கு உறுதியும் அக்காலம் முழுவதும் பராமரிப்பு வசதியும் வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். இறங்கியபின் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக் கூடத்தில் தேற வேண்டும். இவற்றோடு காரின் விலைக்கு இணையான அல்லது மிஞ்சிய சுங்கவரி. தனியார் ஒருவர் அயல்நாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இங்கு கொண்டுவருவது ஏட்டளவில் அனுமதிக்கப்பட்டு, நடைமுறையில் அரிதாயிற்று.

அந்த வரியின் எடையை நாடு முழுவதும் அறிந்தது சச்சின் டெண்டுல்கரின் சிவப்பு ஃபெராரி 360 மொடீனாவால். பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை அவர் எட்டியதற்காக ஃபியட் சார்பில் 2002இல் ஷூமாக்கர் அவருக்கு வழங்கிய பரிசு அது. காருக்கு விதிக்கப்பட்ட சுங்கவரி சுமார் 1.13 கோடி ரூபாய். காரின் விலையைவிட அதிகம். அரசு அளிக்க முன்வந்த விலக்கு நீதிமன்றம் வரை சர்ச்சையானது. இறுதியில் ஃபியட்டே வரியைச் செலுத்தியது. 2011இல் அந்தக் கார் சூரத்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவருக்குக் கைமாறியது. பழைய காரின் மதிப்பில் அதை ஓட்டியவரின் பெயரும் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்திய எடுத்துக்காட்டு இல்லை. எந்த 111 சோதனைகளும் அளக்க முடியாத கூறு அது.

உள்நாட்டில் பழைய கார் வணிகத்துக்கு நிறுவன முகம் தந்தது மாருதியின் ட்ரூ வேல்யூ, 2001இல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பிற நிறுவனங்களும் ஜெர்மானியச் சொகுசுக் கார் நிறுவனங்களும் தத்தம் சான்றளிப்புத் திட்டங்களோடு வந்தன. அமெரிக்காவில் உருவான வடிவம் அப்படியே இங்கே இறங்கியது. ஆனால் அது வந்து நின்ற சட்டத் தளம் முற்றிலும் வேறானது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வணிகர் என்ற சொல்லை வரையறுக்கும்போது பாடி கட்டுபவரையும் பழுதுபார்ப்பவரையும் தவணைக் கடன் தருபவரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது; பழைய கார் விற்பவரைச் சொல்லவில்லை. வணிகருக்குரிய டிரேட் சர்டிபிகேட் என்பது 39ஆம் பிரிவின் விலக்கிலிருந்து பிறந்தது. இன்னும் பதிவாகாத புதுக் காரை ஷோரூமிலிருந்து நகர்த்துவதற்கு அது உதவும். ஏற்கெனவே பதிவான காரைக் கையில் வைத்திருக்கும் வணிகருக்கு அதில் இடமில்லை. தில்லி கரோல் பாக்கில் வரிசை வரிசையாகப் பழைய கார்கள் நின்ற கடைகளின் உரிமையாளர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்களுக்கு, யாருடைய காரையோ தற்செயலாக வைத்திருப்பவர்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒரு பழக்கம். விற்பவர் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு வணிகரிடம் கொடுத்துவிடுவார். வணிகர் தம் பெயருக்கு மாற்றினால் ஒரு கட்டணம். உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடி விலையும் குறையும். ஆகவே கார் அவர் பெயரைத் தொடாமலே அடுத்தவருக்குப் போகும். 50ஆம் பிரிவு, விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த 14 நாள்கள் சிலருக்கு ஆண்டுகளாக நீண்டன.

அதன் விளைவை 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று காட்டுகிறது. அதில் வந்தது ஸ்போர்ட்ஸ் கார் அன்று, சாதாரண வண்டி. பதிவு பெற்ற உரிமையாளர் 2007 ஜூலையில் அதை விற்றார். வாங்கியவர் 2008 செப்டம்பரில் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. 2009 மே மாதம் விபத்து நேர்ந்து ஓர் உயிர் போனது. வண்டிக்குக் காப்பீடு இல்லை. பதிவேட்டில் அப்போதும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. இறுதியாக வாங்கியவரே பொறுப்பு என்று பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் கூறியதை உச்சநீதிமன்றம் மாற்றியது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வகையில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. இழப்பீடு கோரும் குடும்பம் பதிவாகாத விற்பனைகளின் சங்கிலியைப் பின்தொடர்ந்து அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் நோக்கு. அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் மறுக்க முடியாத நியாயம் அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் காரை விற்றுப் பணம் பெற்று மறந்துபோன மனிதரின் பக்கம் நின்று பார்த்தால், வெற்றுப் படிவத்தில் இட்ட ஒரு கையெழுத்தின் விலை அது.

2022 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி 55ஏ முதலான புதிய விதிகளைச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பதிவான வாகனங்களை விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வணிகரிடம் வாகனத்தை ஒப்படைக்கும்போது அதை இணைய வழியில் அறிவிக்க வேண்டும். அதன்பின் பொறுப்பு வணிகருடையது. பதிவைப் புதுப்பித்தல், தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு வணிகரே விண்ணப்பிக்கலாம். கையிலுள்ள வாகனம் எதற்காக, யாரால், எப்போது, எத்தனை தூரம் ஓட்டப்பட்டது என்பதை மின்னணுப் பயணப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் கடைகளில் இந்தக் கடைசி விதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. விற்பனைக்கு நிற்கும் காரைக் கடைக்காரரின் நண்பர்கள் இரவில் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லும் கதைகளை அத்துறையினர் அனைவரும் அறிவர்.

ஆனால் இச்சான்று எதைச் சான்றளிக்கிறது? இந்திய விதி வணிகரைச் சான்றளிக்கிறது, காரை அன்று. பிரேக் எந்த நிலையில் உள்ளது, எஞ்சின் எத்தனை முறை வரம்பு மீறிச் சுழன்றது, விபத்தில் சிக்கியதா என்பன பற்றி அங்கீகாரம் பெற்ற வணிகர் ஒரு வரியும் எழுதித் தரும் கடமை அதில் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் ஓடிய தூரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 1981இல் அமெரிக்கக் கமிஷன் கேட்டுத் தோற்ற அந்தச் சிறு கோரிக்கை, தெரிந்ததைச் சொல்க என்பது, இங்கே இன்னும் கேட்கப்படவேயில்லை. மறுபுறம், பதிவேட்டுப் பெயரால் ஒருவர் வாழ்க்கை குலையும் ஆபத்தைச் சரிசெய்வதையே இந்திய விதி முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. 2018 தீர்ப்பைப் படித்த எவரும் அந்த வரிசையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

வரிச் சட்டமும் இதில் தன் பங்கை ஆற்றுகிறது. 2018 ஜனவரி முதல் பழைய காருக்குரிய ஜி.எஸ்.டி. முழு விலைக்கு இல்லாமல் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் விதிக்கப்படுகிறது. பெரிய பெட்ரோல் கார்களுக்கு அன்றே 18 விழுக்காடு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் எல்லாப் பழைய கார்களுக்கும் அதையே பொதுவாக்கியது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: ஒரு வணிகர் 80 லட்சத்துக்கு வாங்கிய காரில் டயருக்கும் பிரேக்குக்கும் 7 லட்சம் செலவிட்டு 92 லட்சத்துக்கு விற்கிறார். வேறுபாடு 12 லட்சம், வரி 2.16 லட்சம், கையில் நிற்பது 2.84 லட்சம். அடுத்த கடைக்காரர் அதே விலைக்கு வாங்கி, துடைத்து மெருகேற்றியதோடு நிறுத்தி, 85 லட்சத்துக்கு விற்கிறார். வரி 90 ஆயிரம். கையில் நிற்பது 4.10 லட்சம். செப்பனிட்ட செலவை வேறுபாட்டிலிருந்து கழிக்க விதி இடம் தராததால், அதிகம் செப்பனிட்டவர் அதிக வரி கட்டுகிறார். நல்ல காரைச் சந்தையிலிருந்து விரட்ட எலுமிச்சைகள் மட்டும் போதாதென்று சூத்திரமும் உதவிக்கு வந்திருக்கிறது.

மாநில எல்லைகள் மற்றொரு செலவு. வாழ்நாள் சாலைவரி மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுவதால் விலையுயர்ந்த கார்கள் வரி குறைந்த இடங்களில் பிறந்ததாகப் பதிவு பெற்றன. புதுச்சேரியில் பொய் முகவரியில் பதிவான சொகுசுக் கார்கள் குறித்துக் கேரளம் 2017இல் தொடங்கிய விசாரணைகள் பேரளவில் பேசப்பட்டன. 47ஆம் பிரிவின்படி 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் காருக்குப் புதுப் பதிவு வேண்டும். அத்துடன் அந்த மாநிலத்தின் வரியும். பெங்களூரில் நிற்கும் புதுச்சேரிப் பதிவுக் காரை வாங்குபவர் முந்தைய உரிமையாளரின் வரிப் பிணக்கையும் சேர்த்தே வாங்குகிறார். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் 52ஆம் பிரிவை விளக்கி, நிறுவனத்தின் மூலக் குறிப்புகளிலிருந்து வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தபின், வெளிச்சந்தை சைலன்சரும் அகலச் சக்கரமும் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலை மேலும் சிக்கலானது. தில்லியில் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த ஆணை, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களின் காலத்தைச் சோதனை எதுவுமின்றி வயதை மட்டும் கொண்டு முடித்தது. 50 ஆண்டு கடந்த கார்களுக்கோ 2021 விதிகள் விண்டேஜ் பதிவு தருகின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தில்லி உரிமையாளர் எங்கே வைத்திருப்பார் என்ற கேள்வி, தென்மாநிலங்களுக்கு வந்த தில்லிக் கார்களின் எண்ணிக்கையில் ஒரு விடையைக் கண்டது.

இன்று ஒரு பழைய போர்ஷேயைச் சான்றோடு வாங்குபவரின் கோப்பில் நிறுவனத்தின் 111 சோதனை அறிக்கை இருக்கும். எஞ்சின் நினைவகத்தின் அச்சுப்படி இருக்கும். தடையில்லாச் சான்றும் வரி ரசீதும் இருக்கும். வணிகர் அங்கீகாரம் பெற்றவராயின் ஒப்படைப்பு அறிவிப்பின் நகலும் இருக்கும். ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்ப்பதில்லை. பல கடைகளில் அந்தக் கோப்பின் அடியில், விற்பவர் கையெழுத்திட்டு வாங்குபவர் பெயர் எழுதப்படாத படிவம் 29ம் 30ம் இன்னும் இருக்கின்றன.